ஆரத்தித் தண்ணீர் எலுமிச்சைச் சாற்றில் மஞ்சளாகத் திரும்பினால் அது இயற்பியல் மாற்றமா?

கேள்வி: மார்ச் 9, இரவு 9.15

சேரன்மகாதேவிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகள், வேதியியல் மாற்றத்துக்கு எடுத்துக்காட்டு தருக என்ற கேள்விக்கு, மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்து ஆரத்தி கரைக்கும்போது அது சிவப்பதை எழுதியிருந்தாள். தவறு என்று அடித்துவிட்டார்கள். காரணம் கேட்டதற்கு, அந்தச் சிவப்பில் எலுமிச்சைச் சாறு விட்டால் மறுபடியும் மஞ்சளாகிவிடும், மீளக்கூடியது இயற்பியல் மாற்றம், மீளாதது வேதியியல் மாற்றம் என்று சொன்னார்களாம். வீட்டில் செய்து பார்த்தோம்; மஞ்சளாகத்தான் திரும்புகிறது. பிள்ளை எழுதியது சரியா, தவறா? வேதியியல் தெரிந்த அண்ணாச்சி யாராவது சொல்ல வேண்டும்.

பதில்: மார்ச் 9, இரவு 10.40

பிள்ளை எழுதியது சரி. மதிப்பெண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

மஞ்சளின் நிறத்துக்குக் காரணம் குர்குமின் என்னும் பொருள். சுண்ணாம்பு போன்ற காரம் சேரும்போது குர்குமின் மூலக்கூறு தன்னிடமுள்ள ஒரு ஹைட்ரஜன் அயனியை இழக்கிறது. அதனால் அதன் எலக்ட்ரான் அமைப்பு மாறி, அது உட்கொள்ளும் ஒளியும் மாறி, நம் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிகிறது. எலுமிச்சையின் அமிலம் அந்த ஹைட்ரஜன் அயனியைத் திருப்பிக் கொடுக்கிறது. போவதும் வேதிவினைதான், வருவதும் வேதிவினைதான்.

நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம் என்றால் இன்னொரு சான்றும் வீட்டிலேயே கிடைக்கும். மஞ்சள் தூளை வெறும் தண்ணீரில் கலக்கி அரை மணி நேரம் விட்டால் பெரும்பகுதி அடியில் தங்கிவிடும். குர்குமின் தண்ணீரில் அநேகமாகக் கரைவதில்லை. அதே தூளை, சுண்ணாம்பைப் போலவே காரமான சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் கலக்கினால், மேலே நிற்கும் தெளிவே சிவந்து நிற்கும். கரையாத ஒன்று கரையத் தொடங்கியிருக்கிறது. நிறமும் மாறி, கரையும் தன்மையும் மாறிய பிறகு அதைப் பழைய பொருள் என்று சொல்வதற்கு எந்த நியாயமும் இல்லை.

மார்ச் 10, காலை 6.20

இரவு படுத்த பிறகும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. மீள்வதை வைத்துப் பிரிக்கும் அந்த விதியை நானும் 20 ஆண்டுகளுக்கு மேல் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். எளிதாக மனத்தில் நிற்கும் என்று எழுதினேன். அது பொய்த்துப்போகும் இடம் நான் பிறந்து வளர்ந்த திசையன்விளைப் பக்கத்திலேயே, ஒவ்வொரு பொங்கலுக்கும் கண்முன் நடந்துகொண்டிருந்தது.

கடற்கரையில் பொறுக்கிய சிப்பியைக் கரியோடு அடுக்கிக் காளவாயில் சுடுவார்கள். சிப்பி என்பது கால்சியம் கார்பனேட். சுமார் 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அது சிதைந்து, கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். 100 கிராம் தூய கார்பனேட்டைச் சுட்டால் 44 கிராம் காற்றோடு போய் 56 கிராம் மிஞ்சும் என்பது கணக்கு. சுட்ட சிப்பியைக் கையில் எடுத்தால் அந்த இலேசு தெரியும். வீட்டில் அதைப் பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பொங்கும். அடுப்பில்லாமல் பானை கொதிப்பதைப் பார்க்கும் ஆசையில், பத்து வயதில் நான் குனிந்து பார்த்து, முன்கையில் தெறித்த புண்ணின் தழும்பு இன்றும் இருக்கிறது. அந்த 56 கிராம், 18 கிராம் தண்ணீரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு 74 கிராம் நீற்றுச் சுண்ணாம்பாகிறது.

அதைக் கரைத்துச் சுவரில் அடிக்கிறோம். காய்ந்துவிட்டது என்கிறோம். அங்கேதான் நான் பல ஆண்டுகள் ஏமாந்திருந்தேன். முதல் நாள் ஈரத்துணியால் துடைத்தால் வெள்ளை கையோடு வரும். சில வாரம் கழித்துத் துடைத்தால் முன்போல் வராது. வெறும் ஈரம் உலர்ந்ததாக இருந்தால், மறுபடி நனைத்ததும் பழையபடி இளகிக் கையோடு வந்திருக்க வேண்டும். சுவர் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்டு, தண்ணீரை விட்டுவிட்டு, மறுபடியும் கால்சியம் கார்பனேட்டாகிவிட்டது. 74 கிராமோடு 44 சேர்ந்து, 18 போய், அதே 100 கிராம்.

ஆகச் சிப்பி எங்கெங்கோ சுற்றிவிட்டு வேதியியல் முறையில் சிப்பியாகவே திரும்பிவிடுகிறது. முழுக்க மீண்டிருக்கிறது. இதை இயற்பியல் மாற்றம் என்று எந்த ஆசிரியரும் சொல்லமாட்டார். மறுபுறம், ஒரு கண்ணாடித் தம்ளர் விழுந்து நொறுங்கினால் அது மீள்வதே இல்லை. ஆனாலும் அங்கே புதிய பொருள் ஏதும் தோன்றவில்லை; அதனால் அது இயற்பியல் மாற்றம்தான்.

மார்ச் 10, காலை 6.45

மேலே எழுதியதில் எனக்கு முக்கியமாகப் படுவது இது: சுவரில் நடந்த மாற்றத்துக்குப் பாடப்புத்தகம் சொல்லும் அறிகுறிகளில் ஒன்றுகூட வெளியில் தெரிவதில்லை. வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறது, குமிழி இல்லை, கைக்குத் தெரியும் சூடு இல்லை, வாசனை இல்லை. பானையில் அத்தனை ஆர்ப்பாட்டத்தோடு நடந்ததும் வேதியியல் மாற்றம், சுவரில் ஒரு சத்தமும் இல்லாமல் நடந்ததும் வேதியியல் மாற்றம்.

மார்ச் 10, பிற்பகல் 3.05

குங்குமம் மஞ்சளிலிருந்துதானே செய்யப்படுகிறது, அதில் எலுமிச்சைச் சாறும் சேர்க்கிறார்களே, பிறகு ஏன் அது மஞ்சளாகத் திரும்பவில்லை என்று ஓர் அக்கா கேட்டிருக்கிறார். கூர்மையான கேள்வி. பழைய முறையில் குங்குமத்துக்கு எலுமிச்சைச் சாற்றோடு வெங்காரமும் சேர்ப்பார்கள். வெங்காரத்தில் போரான் இருக்கிறது. அமிலச் சூழலில் போரான் குர்குமினைப் பிடித்துக்கொண்டு வேறொரு சிவப்புப் பொருளை உண்டாக்குகிறது. ஆரத்திச் சிவப்பு காரத்தால் வருவது. இந்தச் சிவப்பு அமிலத்தோடு சேர்ந்து வருவது. பார்வைக்கு இரண்டும் சிவப்பு, பொருள் இரண்டும் வேறு. ஆய்வுக்கூடத்தில் போரானைக் கண்டறிய மஞ்சள் தோய்த்த தாளைப் பயன்படுத்துவது இதனால்தான்.

மார்ச் 11, இரவு 8.30

அப்படியென்றால் அறிகுறிகளையே சொல்லிக் கொடுக்க வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஆனால் ஒவ்வோர் அறிகுறியையும் சாட்சியாக நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்யப் பிள்ளைகளைப் பழக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

குமிழி வந்தால் வாயு உண்டாகியிருக்கிறது என்று எழுதச் சொல்கிறோம். கோலி சோடாவின் குண்டைத் தட்டியதும் பொங்கி வருவது, அழுத்தத்தில் அடைத்து வைத்திருந்த கார்பன் டை ஆக்சைடு; அழுத்தம் விட்டதும் வெளியேறுகிறது, அவ்வளவுதான். அதே தண்ணீரில் ஆப்பச் சோடாவும் எலுமிச்சைச் சாறும் சேர்ந்து பொங்கினால், அங்கே முன்பு வாயுவாக இல்லாத ஒன்று வாயுவாகப் பிறந்திருக்கிறது. பொங்குவது ஒன்றுபோலத் தெரியும். வாயு ஏற்கெனவே அங்கே இருந்ததா என்று கேட்டால்தான் விடை கிடைக்கும்.

வெப்பமும் அப்படித்தான். அம்பாசமுத்திரம் பக்கம் வயலில் யூரியாவை வாளியில் கரைத்துத் தெளிப்பவர்களுக்கு, வாளி சில்லென்று ஆகிவிடுவது தெரியும். யூரியா மூலக்கூறு யூரியா மூலக்கூறாகவேதான் தண்ணீருக்குள் போகிறது. புதிய பொருள் எதுவும் இல்லை. ஆனாலும் குளிர்ச்சி வந்துவிட்டது. கொல்லன் பட்டறையில் பழுத்த இரும்பு ஒளிவிடுவதும் வெறும் சூட்டினால்தான். ஆனால் அதே இரும்பைச் சம்மட்டியால் அடிக்கும்போது செதில் செதிலாக உதிரும் கறுப்பு, இரும்பு ஆக்சைடு. ஒரே துண்டில், ஒரே நேரத்தில், ஒளிர்வது இயற்பியல், உதிர்வது வேதியியல்.

வெள்ளையாக ஏதேனும் அடியில் படிந்தால் வீழ்படிவு, ஆகவே வேதியியல் மாற்றம் என்று எழுதுகிறார்கள். என் தாய்மாமன் ஆறுமுகநேரி உப்பளத்தில் வேலை பார்த்தவர். 1986இல் தூத்துக்குடி தனி மாவட்டமாவதற்கு முன்பு அதுவும் திருநெல்வேலி மாவட்டம்தான். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் இருக்கும். பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் வற்ற வைக்கும்போது முதலில் ஜிப்சம் படியும். பிறகு உப்புநீரின் அடர்த்தியைக் காட்டும் பாமே அளவுகோலில் ஏறக்குறைய 25 டிகிரி வந்ததும் சோற்றுப்பு பூக்கத் தொடங்கும். நேற்றுவரை தெளிவாக இருந்த நீரில் இன்று வெள்ளை. சில பாத்திகளில் தண்ணீர் இளஞ்சிவப்பாகவும் மாறும். அது உப்பை விரும்பும் நுண்ணுயிர்களின் நிறம். நிறமும் மாறியது, படிவும் வந்தது. இரண்டு அறிகுறிகளையும் வைத்துப் பிள்ளை வேதியியல் மாற்றம் என்று எழுதினால் அது தவறாகிவிடும். அங்கே உப்பு உண்டாகவில்லை. கடலில் இருந்த உப்பு, தண்ணீர் போனதால் தங்கிவிட்டது.

மார்ச் 12, காலை 5.50

நேற்று எழுதியதற்கு ஒரு தம்பி நல்ல மறுப்பு எழுதியிருக்கிறார். அதை ஏற்றுக்கொண்டுதான் மேலே போக வேண்டும். உப்பு தண்ணீரில் கரையும்போது சோடியம் அயனிக்கும் குளோரைடு அயனிக்கும் இடையிலுள்ள பிணைப்பு உடைகிறதே, ஒவ்வோர் அயனியையும் தண்ணீர் மூலக்கூறுகள் சூழ்ந்து பிடித்துக்கொள்கின்றனவே, பிணைப்பு உடைந்தால் அது வேதியியல் மாற்றமில்லையா என்கிறார்.

வற்ற வைத்தால் உப்பு திரும்பி வருகிறது, ஆகவே இயற்பியல் மாற்றம் என்று பதில் எழுதத் தொடங்கிவிட்டேன். இரண்டு வரி எழுதிய பிறகுதான் உறைத்தது: மீள்வதைக் காரணமாகக் காட்டக் கூடாது என்று முந்தாநாள் வாதிட்டவன் நானேதான். அந்தப் பதிலை அழித்துவிட்டேன்.

இப்போது இப்படிச் சொல்கிறேன். கட்டி உப்பிலும் தனித்தனி மூலக்கூறு என்று ஒன்று கிடையாது. அங்கேயும் அயனிகள்தாம், அடுக்கி வைக்கப்பட்ட அயனிகள். கரைந்த பிறகும் அதே அயனிகள். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் பொருள் மாறவில்லை. ஆனால் அவற்றைப் பிடித்திருந்த பிணைப்பு மாறியிருக்கிறது என்பதும் உண்மை. வேதியியலாளர்களே இதில் ஒரே குரலில் பேசுவதில்லை. தேர்வில் இயற்பியல் மாற்றம் என்று எழுதச் சொல்லுங்கள். பாடப்புத்தகம் அப்படித்தான் சொல்கிறது. ஹைட்ரஜன் குளோரைடு வாயு தண்ணீரில் கரைவதோ வேறு. அங்கே வாயுவாக இருந்தபோது இல்லாத அயனிகள் புதிதாகப் பிறக்கின்றன. கரைதல் என்ற ஒரே சொல்லுக்குள் இவ்வளவு வேறுபாடு இருக்கிறது.

யூரியா எடுத்துக்காட்டை மாற்ற வேண்டியதில்லை. அது மூலக்கூறாகவே கரைவதால் இந்த மறுப்பு அதைத் தொடாது.

மார்ச் 13, இரவு 9.10

பதனீர் பருவம் தொடங்கிவிட்டதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பனைமரத்தின் பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டும்போது, உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால் காலையில் பதனீர். தடவாமல் கட்டினால் கள். வடிவது ஒரே சாறு. சுண்ணாம்பில்லாத கலயத்தில் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கார்பன் டை ஆக்சைடையும் உண்டாக்குகிறது. நுரை, புளித்த வாடை, நாக்கில் உறைப்பு என்று எல்லா அறிகுறிகளும் சேர்ந்தே வரும். சுண்ணாம்பின் காரத்தில் அந்த நுண்ணுயிர்கள் பெருக முடிவதில்லை. ஒரு வேதியியல் மாற்றத்தைத் தடுப்பதற்காகவே ஒரு பொருளைத் தடவும் பழக்கம் இது. எங்கள் ஊர்ப் பனையேறிகளின் கைப்பழக்கத்தில் இருந்த இந்த அறிவை நான் வகுப்பில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அந்த வருத்தம் எனக்கு உண்டு. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் பாதிப் பேர் பனையேறி வீட்டுப் பிள்ளைகள்.

பதனீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவது எந்த மாற்றம் என்பது இன்னும் சிக்கலானது. முதல் பல மணி நேரம் நடப்பது பெரும்பாலும் தண்ணீர் ஆவியாவதுதான், அதுவரை இயற்பியல். அடி கனத்துப் பாகு பதம் வரும்போது நிறம் கறுத்து, தெருமுனை வரை மணக்கும் அந்த வாசனை எழும்பும். பதனீரில் இல்லாத வாசனை அது. சர்க்கரை சூட்டில் சிதைந்தும், சாற்றிலுள்ள அமினோ அமிலங்களோடு வினைபுரிந்தும் உண்டான புதிய பொருள்களின் வாசனை. சிரட்டையில் ஊற்றி ஆறவைக்கும்போது கட்டியாவது மறுபடியும் இயற்பியல்.

இதைச் சோதிக்க ஒரு வழி: உடன்குடிக் கருப்பட்டி ஒன்றை உடைத்து, போன அளவுக்குத் தண்ணீர் ஊற்றிக் கரையுங்கள். தண்ணீர் போனது மட்டும்தான் மாற்றம் என்றால் பதனீர் கிடைத்திருக்க வேண்டும். கிடைப்பது கருப்பட்டித் தண்ணீர்.

மார்ச் 14, காலை 7.00

அல்வாவைப் பற்றி நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். கோதுமைப் பால் கெட்டிப்படுவது ஸ்டார்ச் மணிகள் தண்ணீரை உறிஞ்சி வீங்கி வெடிப்பதால். சுமார் 60 டிகிரியில் தொடங்கிவிடும். நிறம் வருவது சர்க்கரை கருகுவதால். அது ஐயமில்லாமல் வேதியியல் மாற்றம். நெய் பிரிந்து வருவது இயற்பியல். ஸ்டார்ச் வீங்குவதை எந்தப் பக்கம் வைப்பது என்பது உப்பு கரைவதைப் போன்ற எல்லைச் சிக்கல். பிள்ளைகளிடம் அதைத் தேர்வில் கேட்பது நியாயமில்லை.

மார்ச் 15, இரவு 10.15

பதங்கமாதலுக்கு நவச்சாரத்தை எடுத்துக்காட்டாகச் சொல்வதைப் பற்றி ஓர் ஆசிரியை கேட்டிருப்பதால் நீளமாக எழுதுகிறேன். இது என்னை நெடுநாள் உறுத்திய விஷயம்.

முன்பெல்லாம் தெருவுக்கு ஈயம் பூசுகிறவர் வருவார். துருத்தி வைத்துக் கரி நெருப்பில் பித்தளைப் பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரப் பொடியைத் தூவியதும் அடர்ந்த வெள்ளைப் புகை எழும். மூக்கில் ஏறும் நெடி வரும். உடனே ஈயத்தை இழுத்துத் துணியால் தேய்ப்பார். திண்ணையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, பிற்காலத்தில் நவச்சாரம் திரவமாகாமல் நேரே ஆவியாகிறது, ஆகவே பதங்கமாதல், ஆகவே இயற்பியல் மாற்றம் என்று படித்தபோது ஐயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

நவச்சாரம் என்பது அம்மோனியம் குளோரைடு. சுமார் 338 டிகிரியில் அது அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிந்துவிடுகிறது. ஆவியில் பெரும்பாலும் இருப்பவை அந்த இரண்டு வாயுக்கள்தாம். சற்றுக் குளிர்ந்ததும் அவை மறுபடி சேர்ந்து நுண்ணிய திடத்துகள்களாகின்றன. நாம் பார்த்த வெள்ளைப் புகை அதுதான். பாத்திரத்தின் மேலுள்ள ஆக்சைடு களிம்பு நீங்கி ஈயம் ஒட்டுவதும் இந்தப் பிரிவினால்தான். நவச்சாரம் பிரியாமல் அப்படியே ஆவியாகிப் போயிருந்தால் பாத்திரம் அவ்வளவு சுத்தமாகியிருக்காது.

ஆய்வுக்கூடத்தில் காட்டலாம். சோதனைக் குழாயில் நவச்சாரத்தைப் போட்டு, நடுவில் கண்ணாடி இழை அடைத்து, வாயருகே ஈரமான லிட்மஸ் தாள்களை வைத்துச் சூடாக்கினால், முதலில் சிவப்புத் தாள் நீலமாகும். சற்றுக் கழித்து இரண்டு தாளும் சிவப்பாகும். நீலமாக்குவது காரமான அம்மோனியா, சிவப்பாக்குவது அமிலமான ஹைட்ரஜன் குளோரைடு. அம்மோனியாவின் மூலக்கூறு நிறை 17, ஹைட்ரஜன் குளோரைடுக்கு 36.5, இலேசானது முந்தி வந்து சேருகிறது. ஒரே பொருள் ஆவியாகி வந்திருந்தால் இந்த முன்பின் வந்திருக்காது.

பதங்கமாதலுக்குக் கற்பூரத்தைச் சொல்லுங்கள். டப்பாவில் வைத்த கற்பூரம் கரைந்துபோவது உண்மையான பதங்கமாதல். கொளுத்தினால் மட்டுமே அது வேதியியல் மாற்றமாகும்.

மார்ச் 17, மாலை 6.30

நேற்று காருகுறிச்சி போயிருந்தேன். காய்ந்த பச்சைப் பானையின் உடைந்த ஓட்டையும் சுட்ட பானையின் ஓட்டையும் கேட்டு வாங்கி வந்து, இரண்டையும் இரண்டு சட்டித் தண்ணீரில் போட்டேன். பச்சை ஓடு சற்று நேரத்திலேயே சேறாகிவிட்டது. சுட்டது இன்று மாலை வரை அப்படியே கிடக்கிறது.

வெயிலில் காய்ந்தபோது போனது களிமண் துகள்களுக்கு இடையில் இருந்த தண்ணீர். சூளையில் 500 டிகிரிக்கு மேல் போவதோ களிமண்ணின் கட்டமைப்பிலேயே பிணைந்திருந்த பகுதி. அது போன பிறகு அந்தப் பொருள் களிமண்ணே இல்லை. சுவரில் அடித்த சுண்ணாம்பு, கருப்பட்டி, பானை ஆகிய மூன்றிலும் நான் செய்தது ஒரே சோதனைதான் என்பது இப்போதுதான் எனக்குப் புலப்படுகிறது: போன தண்ணீரைத் திருப்பிக் கொடுத்துப் பார்ப்பது. பழைய பொருள் வந்தால் உலர்ந்தது மட்டும்தான் நடந்தது. வரவில்லை என்றால் அங்கே வேறு ஏதோ நடந்திருக்கிறது.

இது முன்பு நான் மறுத்த மீள்தல் விதியைப் போலவே தோன்றலாம். அதனால் வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறேன். மாற்றத்தைத் திருப்ப முடியுமா என்று நான் இங்கே கேட்கவில்லை. தண்ணீர் போனது மட்டும்தான் காரணம் என்ற ஒரு குறிப்பிட்ட விளக்கம் நிற்குமா என்பதைத்தான் சோதிக்கிறேன்.

மார்ச் 20, இரவு 8.45

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். மகள் பள்ளியில் சலவைச் சோடா சோதனையைச் செய்து காட்டினாளாம், மதிப்பெண் திருத்தப்பட்டதாம். அடித்த ஆசிரியரே மேசையில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார் என்பதைப் படித்தபோது நெஞ்சு நிறைந்தது.

அடுத்ததாகச் சுவர்ச் சுண்ணாம்பைச் சோதிக்க விரும்புகிறாளாம். பழைய சுவரில் சுரண்டிய பொடியில் காடி (வினிகர்) விட்டால் நுரைக்கும், ஏனென்றால் அது கார்பனேட். புதிதாக நீற்றிய சுண்ணாம்பில் விட்டால் நுரைக்காது. சுரண்டும்போது பெயின்ட் அடிக்காத சுவராகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 21, காலை 6.10

நேற்று சொன்ன சோதனையில் ஒரு திருத்தம். இன்று காலை வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாவிலிருந்து எடுத்து நானே செய்து பார்த்தேன். நுரைக்காது என்று எழுதியது கொஞ்சம் நுரைத்துவிட்டது. டப்பா மூடி சரியாகப் பொருந்தாதது. மேலே ஒரு மாதமாகக் காற்றுப்பட்டு ஏடு கட்டியிருந்தது. அந்த ஏட்டை ஒதுக்கிவிட்டு அடியிலிருந்து எடுத்துச் செய்தபோது நுரைக்கவில்லை. பிள்ளை இரண்டு இடத்திலிருந்தும் எடுத்துத் தனித்தனியாகச் சோதித்து, எங்கிருந்து எடுத்தாள் என்பதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளட்டும். சுண்ணாம்பைக் கையால் தொடாமல் கரண்டியால் எடுக்கச் சொல்லுங்கள். கண்ணில் படாமல் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.